உப்பு அடைத்த ஷவரும் பஞ்சு மச்சானும்

குளிப்பதற்கெல்லாம் ஒரு கதையா என்று கேட்பவர்கள், என் அக்கா வீட்டுக்காரரை ஒரே ஒரு நாள் குளிப்பாட்டிவிட்டு வந்து கேளுங்கள். நான் அரை வருடம் குளிப்பாட்டினேன். அதனால் சொல்லத்தான் சொல்வேன், நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மச்சான் கப்பல்துறையில் கிரேன் ஓட்டியவர். ஆளைப் பார்த்தால் பீரோவுக்கு மீசை வைத்தது போல இருப்பார். ஆனால் யார்டில் அவருக்குப் பெயர் பஞ்சு. எவ்வளவு பெரிய பாரத்தையும் பஞ்சு மேல் வைப்பது போலச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பாராம், அதனால் வந்த பெயர். கண்ணாடிப் பெட்டிகள் வந்து இறங்கினால், "பஞ்சு எங்கே, பஞ்சைக் கூப்பிடு" என்று தேடுவார்களாம். இதையெல்லாம் எனக்கு யார் சொன்னது? அவரேதான். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். அடக்கம் என்ற சரக்கு அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வேலையை விட்டு ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வலது கை விழுந்துவிட்டது. வலது கால் மட்டும், தடியை ஊன்றி இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியது. பேச்சும் போய்விட்டுத்தான் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது முதலில் வந்தது வசவு. ஆஸ்பத்திரியில் நான் தலையணையைக் கோணலாக வைத்துவிட்டேன் என்று என்னைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தார். அக்கா பக்கத்தில் நின்று பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

"திட்டிட்டாருடா தம்பி! ஒரு வார்த்தை விடாமத் திட்டிட்டாரு!"

அன்றைக்கு நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. ஆனால் அதைவிட இனிப்பான திட்டை நான் வாங்கியதும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். இடது கையால் சாப்பிட்டார். பாதி தட்டிலும் பாதி சட்டையிலும் விழுந்தாலும் யாரும் ஊட்டக் கூடாது. இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டார். ஒரு பொத்தானுக்கு ஒரு வசவு. மூன்றாம் மாடி ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் தெரியும் கிரேன்களைப் பார்த்து, "ஆட்டுறான் பாரு, ஆட்டுறான் பாரு! தொட்டில்னு நினைச்சுட்டான் போல!" என்று புது ஆட்களை வைதார். எல்லாம் முடிந்தது. குளியல் மட்டும் முடியவில்லை.

ஒரு கையால் குளிப்பது என்ன பெரிய வித்தையா என்று நானும்தான் நினைத்தேன். நீங்களே செய்து பாருங்கள். கையில் சோப்பு இருந்தால் மக் இல்லை, மக் இருந்தால் சோப்பு இல்லை. கண்ணில் நுரை இறங்குகிற நேரம் பார்த்து அந்த மக் வாளிக்குள் எந்த மூலையில் மிதக்கிறது என்று தெரியாது. துழாவலாம் என்று குனிந்தால் வலது கால் கைவிட்டுவிடும். அக்காவுக்கு இடுப்பு வலி; அந்த உடம்பைத் தாங்க அவளால் ஆகாது. தவிர, காலையிலேயே துணி ஃபேக்டரிக்கு ஓடவேண்டியவள், அங்கே இஸ்திரிப் பிரிவுக்கு மேற்பார்வை பார்க்கிறாள். ஆகவே பக்கத்துத் தெருவில் இருக்கும் நான், என் உதிரிபாகக் கடையைத் திறப்பதற்கு முன்னால் தினமும் வந்து இவரைக் குளிப்பாட்டவேண்டும் என்று ஏற்பாடு.

"முதுகு தேய்க்கிறியா, பெயின்ட் அடிக்கிறியா?"

"ஏன் மச்சான், ரெண்டு கோட் அடிக்கட்டுமா?"

இப்படி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்போம். பேச்சை நிறுத்தினால் இரண்டு பேருக்குமே தாங்காது. குளித்து முடிகிற வரை அவர் சுவரைத்தான் பார்ப்பார், என் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. மலை போல இருந்த மனிதர் தோளைக் குறுக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவருக்காகத்தான் எரிந்தது. ஆனால் வெளியே காட்டினால் வாளியாலேயே அடிப்பார்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. இவர் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, தானே குளிக்கப் போய், குனிந்து, விழுந்து, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அக்கா பயந்துபோய் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மகன் வேறு ஊரில் இருக்கிறான். நல்ல பையன், அப்பா மேல் உயிர். அன்று மாலையே போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள், அந்த வீட்டைக் காலி பண்ணிவிடலாம், இங்கே அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டுவிடுகிறேன் என்றான். அக்காவின் வேலையும் அத்தோடு போச்சு. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், அவர் விழுந்த செய்தி கேட்டுக் காய்ச்சலோடு ஓடி வந்திருந்த எனக்கும் கேட்டது.

மச்சான் போனை இடது கையில் வாங்கினார். "நான் தனியாக் குளிச்சிட்டா?"

"அப்பா, அது எப்படிப்பா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. தனியாக் குளிச்சிட்டா?"

"என் கண்ணு முன்னாடி தனியாக் குளிச்சிட்டு வாங்க. அப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"வாய் மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அது புதன்கிழமை. எனக்கானால் எதை நம்பி இந்த மனுஷன் சவால் விட்டார் என்றே புரியவில்லை.

மறுநாள் காலையில் குளிப்பாட்டும்போதுதான் புரிந்தது. எப்போதும் சுவரைப் பார்ப்பவர் அன்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ஷவர் இருந்தது. அது இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டைக் கட்டியவன் மாட்டிவிட்டுப் போனது. இந்தக் கட்டடத்துக்குப் போர்வெல் உப்புத் தண்ணீர். வாளியை ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் வெள்ளை வெள்ளையாகத் தோல் வளரும். அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஷவரின் முகம் முழுக்க உப்பு படிந்து, இறுகி, கல்லாகவே ஆகியிருந்தது.

"தண்ணி மேலேர்ந்து தானா வந்தா, எனக்கு எதுக்குடா மக்? என் கை சோப்புக்குப் போதும்."

அட, ஆமாம்! அரை வருடமாகத் தினமும் அதன் அடியில்தான் நின்றிருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, கீழே குழாய்க்கும் ஷவருக்கும் தண்ணீரை மாற்றிவிடுகிற லீவரை மேலே தள்ளி, குமிழைத் திறந்தேன். ஷவர் கொஞ்சம் உறுமியது. அப்புறம் மூன்று நூல் தண்ணீர் வந்தது. ஒன்று எதிர்ச் சுவரில் அடித்தது, ஒன்று கதவில் அடித்தது, இன்னொன்று நேராக என் காதுக்குள் போனது. மச்சான் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

அன்றைக்கே பிளம்பரைக் கூட்டிவந்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார், விரலால் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "இது கழட்டற கேஸ் இல்லைங்க. பைப்போட சேர்ந்து துருப் பிடிச்சிருக்கு. ஸ்பானர் போட்டா சுவத்துக்குள்ள இருக்கற பைப்பு உடையும். டைல்ஸ உடைச்சு, புது லைன் இழுத்து... அடுத்த வாரத்துக்கு மேலதான் எனக்கு நேரம்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்ங்க."

"அப்ப கடவுள்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. அவர் தலை மறைந்ததும் கடையிலிருந்து பெரிய ஸ்பானரைக் கொண்டுவந்து ஷவரின் கழுத்தில் போட்டு ஒரு திருகு திருகினேன். சுவருக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது, தலையில் சிமெண்ட் தூள் கொட்டியது.

"நிறுத்துடா!" என்று மச்சான் போட்ட சத்தத்தில் ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. "பதறாத காரியம் சிதறாது. பனைமரம் மாதிரி வளர்ந்திருக்கியே, இது தெரியாதா?"

நாங்கள் இரண்டு பேரும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, வேலையிலிருந்து வந்த அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "உப்புதானே அடைச்சிருக்கு? எங்க ஃபேக்டரில ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் அடைச்சா வினிகர் ஊத்தி வச்சிடுவோம். உப்பு கரைஞ்சு ஓடிடும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"யாரு கேட்டீங்க? ஆம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டை இடிச்சிட்டு இருந்தீங்க, நான் குறுக்க வரலை."

மச்சானுக்கு எதையும் சும்மா நம்பிப் பழக்கமில்லை. என்னை ஷவரிலிருந்து கொஞ்சம் உப்பைச் சுரண்டச் சொன்னார். ஒரு தம்ளரில் வினிகர் ஊற்றி அதில் போட்டோம். மூக்கைத் துளைக்கிற புளிப்பு வாடை. பொரிபொரியாகக் குமிழ் விட்டு, நுரைத்து, கொஞ்ச நேரத்தில் அந்தக் கல் இருந்த இடம் தெரியவில்லை. மச்சானின் முகத்தில் பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதி காது வரை சிரித்தது.

வெள்ளிக்கிழமை, அக்கா வேலைக்குப் போன பிறகு வேலை ஆரம்பமானது. கழற்ற முடியாத ஷவரை வினிகரில் ஊறப்போடுவது எப்படி? வினிகரைத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். கெட்டியான ஒரு பாலிதீன் பையில் வினிகரை ஊற்றி, ஷவரின் முகம் மூழ்கும்படி கீழேயிருந்து மேலே ஏற்றி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது என்று திட்டம். நான் ஸ்டூல் மேல். அவர் கீழே நாற்காலியில், இடது கையைத் தூக்கிக்கொண்டு.

"அப்பெல்லாம் கீழேர்ந்து எவனாவது கை காட்டுவான், நான் தூக்குவேன். இன்னைக்கு நான் கை காட்டறேன், நீதான் கிரேன். என் கையைத் தவிர வேற எதையும் பார்க்காதே."

விரலை மேலே சுழற்றினார், பையைத் தூக்கினேன். கையை மெதுவாக இடப்பக்கம் தள்ளினார், நகர்த்தினேன். என் மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளலாம் என்று ஒரு கையை எடுத்தேன், பாதி வினிகர் என் சட்டைக்குள் போனது. அப்போது அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. மறுபடி ஊற்றி, மறுபடி தூக்கி, ரப்பர் பேண்ட் ஒன்று அறுந்து, இன்னொன்று போட்டு, கடைசியில் பை ஆடாமல் அசையாமல் நேராகத் தொங்கியது.

"ஹ்ம். பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஒரு காரியம் மிச்சம் இருந்தது. லீவர் ஷவர் பக்கமே இறுகிக்கொண்டது, கீழே தள்ளினால் வரவில்லை. யாராவது தெரியாமல் குமிழைத் திறந்தால் தண்ணீர் பைக்குள் இறங்கிவிடும். யார்டில் ஒரு இயந்திரத்தில் ஆள் வேலை செய்துகொண்டிருந்தால் அதன் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்களாம். கட்டியவனைத் தவிர வேறு எவனும், மேலதிகாரியே ஆனாலும், அந்தத் துணியில் கை வைக்கமாட்டானாம். மச்சான் தேடச் சொன்னார். அலமாரியில் இருந்த சிவப்புத் துண்டை எடுத்துக் குமிழின் மேல் கட்டினேன். மாலை வரை ஊறட்டும் என்று நான் கடைக்குப் போனேன், அவர் ஜன்னலுக்குப் போனார்.

சாயங்காலம் நான் படியேறும்போதே அக்காவின் அலறல் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன். குளியலறை வாசலில் அக்கா தலையிலிருந்து கால் வரை நனைந்து, காதில் கிழிந்த பாலிதீன் தொங்க நின்றுகொண்டிருந்தாள். வீடு முழுக்க ஒரே வினிகர் நாற்றம். கையில் அந்தச் சிவப்புத் துண்டு.

"சிவப்புத் துணியை ஏன் அவுத்தே?" மச்சான் கத்தினார். "சிவப்புத் துணி தொங்கினா எவனும் தொடமாட்டான்!"

"எவனும் தொடாம இருக்கலாம், நான் தொடுவேன். குழாய்ல அழுக்குத் துண்டைச் சுத்தி வச்சிருந்தா துவைக்காம என்ன பண்ணுவாங்க? பையைத் தொட்டேனா நான்? பை தொங்குது, வேலை நடக்குதுன்னு தெரியும், பார்த்துப் பதமா ஒதுங்கித்தான் நின்னேன். துண்டை அலசலாம்னு குழாயைத் திறந்தேன், மேலேர்ந்து கொட்டுது!"

"யார்டுல..."

"இது யார்டு இல்லைங்க, என் வீடு!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரிக்கப்போக, "உனக்கு என்னடா இளிப்பு, கட்டினவன் நீதானே" என்று இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொண்டு என் மேல் பாய்ந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் நின்றவன் கதி இதுதான்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஷவரைத் திறந்து பார்த்தோம். மூன்று நூல் ஏழெட்டு நூல் ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஊறியது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். மச்சான் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்றுதான் எனக்கும் தோன்றியது. அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. வினிகரை லேசா சுட வச்சு ஊத்தினா சீக்கிரம் கரையும். இன்னொரு தடவை கட்டுங்க. துணி எல்லாம் வேணாம், கதவைப் பூட்டிச் சாவியை நானே வச்சுக்கறேன். எனக்கு இந்த வீடு வேணுங்க. என் வேலை வேணும். நீங்க இந்த ஜன்னல்ல உக்காந்து ஊரையே திட்டணும். எந்திரிங்க."

சனிக்கிழமை காலை, வெதுவெதுப்பான வினிகர், புதுப் பை, இரட்டை ரப்பர் பேண்ட். இந்த முறை மூக்கு அரித்தும் நான் கையை எடுக்கவில்லை. பூட்டைப் போட்டு அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பையை இறக்கிப் பார்த்தபோது ஷவரின் முகம் தெரிந்தது. பழைய கல் எல்லாம் கஞ்சி போலக் குழைந்து வழிந்தது. நடுவில், உப்புக்கு அடியில், ஒரு திருகாணி! கழுத்துதான் கழலாது, முகத்தகடு தனியாகக் கழலும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். "பதறாதே" என்றது கீழேயிருந்து ஒரு குரல். பதறவில்லை. முனகிக்கொண்டே திரும்பியது, தகடு என் உள்ளங்கையில் விழுந்தது.

உள்பக்கத்தை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியும் பல துளைகளில் உப்பு அடைத்தபடிதான் இருந்தது. ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். அக்கா தையல் மெஷின் ஊசி ஒன்றைக் கொண்டுவந்தாள். தலைப்பக்கம் தடிமனாக இருக்கும், பிடிக்க வசதி. நான் கை நீட்டினேன். மச்சான் ஊசியை வாங்கிக்கொண்டார்.

"நான் பண்றேன்."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்பூனைப் பிடித்தாலே நடுங்கும் கை அது. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, தகட்டை அசையாமல் நான் பிடித்துக்கொண்டேன். முதல் குத்து என் கட்டை விரலில். இரண்டாவது மேசையில். "இன்னொரு விரல் இருக்கு மச்சான், அதையும் பார்த்துடுங்க" என்றேன். சிரிக்கவில்லை அவர். ஊசியைக் கீழே வைத்தார். தோளைத் தளர்த்தினார். மூச்சை இழுத்து விட்டார். மறுபடி எடுத்தபோது அவசரமே இல்லை. ஊசி முனை தகட்டின் மேல் நின்று, ஒரு மயிரிழை நகர்ந்து, துளைக்குள் இறங்கியது. வெள்ளைத் தூள் ஒரு பொட்டு பேப்பரில் விழுந்தது.

கிரேன் அறைக்குள் இவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க, கண் இமைக்காமல், வசவு ஒன்றுகூட இல்லாமல் துளை துளையாகப் போய்க்கொண்டிருந்தார். கை நடுக்கம் நின்றுபோயிருந்தது. அதைச் சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து நாங்கள் வாயைத் திறக்கவில்லை. ஓரத்தில் ஒரு துளை மட்டும் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

"ஒண்ணுதானே மச்சான், போகட்டும் விடுங்க."

"ஒண்ணை விட்டா அதுக்குப் பக்கத்துல இருக்கறது கோணலா அடிக்கும். அப்புறம் உன் காதுக்குள்ளதான் வரும்." அதோடு அவர் மல்லுக்கட்டிய நேரத்தில் அக்கா ஒரு காபி போட்டு, அது ஆறி, அதை மறுபடி சுட வைத்துவிட்டாள். கடைசியில் அதுவும் வழிவிட்டது. தகட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். துளை ஒன்று விடாமல் வெளிச்சம் வந்து அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தகட்டை மாட்டிவிட்டுக் குமிழைத் திறந்தேன். முதலில் துருத் தண்ணீர் துப்பியது, அப்புறம் மணல் மணலாக உப்பு, அப்புறம் கொட்டியது பாருங்கள்! ஐப்பசி அடைமழை கெட்டது. சட்டையும் பேண்ட்டுமாக நான் அதன் அடியில் நின்று, "வந்துடுச்சு மச்சான்! வந்துடுச்சு!" என்று கூத்தாடினேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான், இரண்டு பெரிய காலிப் பெட்டிகளோடு. உட்காரக்கூட இல்லை. அப்பாவின் நெற்றி வீக்கத்தைத் தடவிப் பார்த்தான், அவன் கண் கலங்கியது. "பிடிவாதம் வேணாம்ப்பா. நான் என்ன உங்களைக் கெடுதலுக்கா கூப்பிடறேன்?"

"துண்டை எடு" என்றார் மச்சான் அக்காவிடம். தடியை ஊன்றி நடந்தார். நாற்காலியை ஷவருக்கு அடியில் நான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன், சோப்பை இடது கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருந்தேன்.

"கதவைச் சாத்தாதீங்கப்பா. சும்மா ஒருக்களிச்சு..."

டக் என்று தாழ்ப்பாள் விழுந்தது.

மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்றோம். குமிழ் திரும்பியது. தண்ணீர் தரையில் சடசடவென்று விழுந்தது. அப்புறம் சத்தம் மாறியது, மொத்தமும் ஒரு உடம்பின் மேல் விழுகிற சத்தம். அக்கா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளே தொப்பென்று எதுவோ விழுந்தது. மகன் பாய்ந்து கதவில் தோளைக் கொடுத்தான்.

அக்கா அவனைப் பிடித்து இழுத்தாள். பிடியை விடவில்லை. "அப்பா கூப்பிடலை. கூப்பிட்டாத்தான் போகணும்."

உள்ளே தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கதவில் காதை வைத்தேன். நாற்காலி கொஞ்சம் நகர்கிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் தெளிவாக, கணீரென்று, அந்தச் சோப்பைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்து ஒரு வசவு வந்தது.

"சோப்புதான் விழுந்திருக்கு!" என்று நான் கத்திவிட்டேன். அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மகன் கதவிலிருந்து தோளை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வரவே இல்லை. குளித்து முடித்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும், தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. "என்னங்க, டேங்க் காலியாயிடும்" என்று அக்கா தட்டினாள். "ஆகட்டும்!" என்று பதில் வந்தது. அரை வருடமாக என்னுடைய அவசரத்துக்குக் குளித்த மனிதர், அன்றைக்குத் தன் இஷ்டத்துக்குக் குளித்தார்.

தாழ்ப்பாள் திறந்தது. இடுப்பில் துண்டைத் தானே சுற்றிச் செருகியிருந்தார். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வலது காதுக்குப் பின்னால் சோப்பு நுரை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அக்கா துடைத்துவிடக் கையைத் தூக்கினாள், பிறகு கையை இறக்கிக்கொண்டாள். மச்சான் மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"சரிப்பா" என்றான் மகன். சொன்ன சொல் தவறாதவன். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் கிளம்பினான். பெட்டியைக் காலியாகக் கொண்டுபோகக் கூடாது என்று அக்கா பேரப்பிள்ளைகளுக்குத் தைத்து வைத்திருந்த துணியெல்லாம் திணித்து, மூட முடியாமல் அதன் மேல் என்னை உட்கார வைத்து மூடினாள்.

மறுநாள் காலையில் பழக்க தோஷம், கடைக்குப் போகிற வழியில் கால் தானாக அந்த மாடிப் படியேறிவிட்டது. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். என்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டே குளியலறைப் பக்கம் போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

"யாரது?"

"நான்தான் மச்சான்."

"குளிச்சிட்டு இருக்கேன்டா! கதவைத் தள்றியே, அறிவில்ல? போய் வெளியே உக்காரு."

வெளியே போய் உட்கார்ந்தேன். அவர் வருகிற வரைக்கும், மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.